ரத்து உத்தரவின் நகல் எங்கே?



2002, ஆகஸ்ட் 15. மும்பை கொலாபாவில் சுதந்திர தினத்தன்று ஒரு வழக்கறிஞரைப் போலீஸ் கைது செய்கிறது. நீதிமன்றத்தில் ஆஜராகாததால் அவர்மேல் போடப்பட்ட பிடிவாரண்ட்தான் காரணம். ஆனால் அந்த வாரண்டை நீதிமன்றம் அதற்கு முன்பே ரத்து செய்துவிட்டது! அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அன்றே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்பட்ட பிறகுதான் வெளியே வந்தார். சட்டம் படித்தவருக்கே இந்தக் கதி என்றால், வாய்தா தேதியைக் குமாஸ்தாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கூலித் தொழிலாளியின் கதி என்ன?

அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். கைது செய்த இன்ஸ்பெக்டர் தன் சொந்தப் பணத்திலிருந்து 2,000 ரூபாய் தரவேண்டும் என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை உயர்த்தித் தரவில்லை. ஒரு மனிதனின் மானத்துக்கு 2,000 ரூபாயா? எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் அதே தீர்ப்பு நமக்கு ஒரு பெரிய ஆயுதத்தையும் தந்திருக்கிறது. வாரண்ட் ரத்தானால் பதிவேட்டில் எழுத வேண்டும், காவல் துறைக்கு அனுப்பி வாரண்டைத் திரும்பப் பெற வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உத்தரவின் நகல் தரவேண்டும் என்று அது கட்டளையிட்டது. எத்தனை பேர் அந்த நகலைக் கேட்டு வாங்குகிறோம்?

'பத்து வருஷத்து வாரண்ட், காலாவதியாகியிருக்கும்' என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை ஆபத்தானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி, நிறைவேற்றப்படும் வரை அல்லது பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரை வாரண்ட் உயிரோடுதான் இருக்கும். வக்கீல்கள் பழைய சட்டத்தின் பழக்கத்தில் '70(2) மனு' என்பார்களே, அந்த மனுவைப் போட்டு ரீகால், அதாவது ரத்து உத்தரவு, வாங்கினால்தான் அது சாகும்.

ரீகால் ஆன பிறகும் பிடித்தால்? வாரண்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டியே தீரவேண்டும், அது 77ஆம் பிரிவு. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே முதல் வார்த்தையாக ரத்து உத்தரவைச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் 'தலை தப்பியதே' என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம் பாருங்கள், அங்கேதான் தோற்கிறோம். சட்டவிரோதக் காவலுக்கு அரசு பணமாக ஈடு தரவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1983இல் ருதுல் ஷா வழக்கிலேயே நிலைநாட்டிவிட்டது. 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்த மனிதர் அவர். சட்டவிரோதக் காவலுக்காகக் காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங்குக்கு 1985இல் 50,000 ரூபாய் கிடைத்தது. நாமும் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் ஓராண்டுக்குள் போக வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

வழக்கறிஞர் நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரீகால் வாங்கிய அன்றே உத்தரவு நகலைக் கட்சிக்காரர் கையில் கொடுங்கள். இன்னொன்றை அந்தக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதுவரை அந்த வழக்குக் கட்டை முடித்து வைக்காதீர்கள்.