கான்பூரில் ஒரு கேப்டன்

(சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்கு உழைத்த ஒருவரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கோ என்று காரியதரிசி சொன்னார். ஏதாவது ஒரு ஜெனரலைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லப்போவது ஒரு பிரசவ டாக்டரைப் பற்றி. கேப்டன் லக்ஷ்மி ஸெகல்.

1914-இல் சென்னையில் பிறந்தவர். தகப்பனார் வக்கீல் எஸ். சுவாமிநாதன், தமிழ்ப் பிராமணர். தாயார் அம்மு சுவாமிநாதன், கேரளத்து ஆனக்கரையைச் சேர்ந்தவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். லக்ஷ்மி 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, 1940-இல் சிங்கப்பூர் சென்றார். 1943-இல் நேதாஜி அங்கே வந்து ஜான்சி ராணி படையை அமைத்தபோது அதற்குத் தலைமை ஏற்றார். பர்மாவில் பிடிபட்டு, 1946-இல் தாயகம் திரும்பினார். இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான்.

அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. 1947-இல் பிரேம் ஸெகலை மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகளுக்கு வைத்தியம் செய்ய ஆரம்பித்தவர், தொண்ணூறு வயது தாண்டியும் அதே ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கான்பூர் அப்போது மில் ஊர். ஏழைகளிடம் அவர் பணம் எதிர்பார்க்கவில்லை. 1971-இல் வங்காள அகதி முகாம்களுக்கும், 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த போபாலுக்கும் போனார். ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது கான்பூருக்குத்தான்.

உத்தியோக நிமித்தமாக நானும் 1983 முதல் மூன்று வருஷம் கான்பூரில் இருந்தேன். அவர் நம்ம ஊர்க்காரர் என்று தெரியும். ஆனால் "அந்த அம்மா கம்யூனிஸ்ட் கட்சி" என்று சொல்லி, நானும் என் நண்பர்களும் போய்ப் பார்க்கவில்லை. சர்க்கார் உத்தியோகம் என்ற பயமும் கொஞ்சம் உண்டு.

1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி சுடப்பட்டார். சீக்கியர்களைத் தேடிக் கும்பல்கள் கிளம்பின. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. குவார்ட்டர்ஸ் கதவைத் தாழிட்டு, குழந்தைகளோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். லக்ஷ்மி அம்மாளுக்கு எழுபது. கிளினிக்கை விட்டுத் தெருவில் இறங்கி, கும்பலுக்கு எதிரே நின்று விரட்டினார். அந்தப் பகுதியில் சீக்கியர் கடைகள் தப்பின. கேள்விப்பட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

1998-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. 2002-இல் அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார். போட்டியிட்ட இருவருமே சென்னையில் படித்தவர்கள் என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்!

2012 ஜூலை 23-இல், தொண்ணூற்று ஏழாம் வயதில், கான்பூரிலேயே காலமானார். அவர் விருப்பப்படி உடலை அந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்கள். மயானம் இல்லை, காரியம் இல்லை. இது நம்மில் பலருக்கு ஒப்பாது என்பது தெரியும். சயன்ஸ் படித்த எனக்கே பல வருஷம் ஒப்பவில்லை. உடற்கூறு படிக்கிற பையன்களுக்கு அது எவ்வளவு அவசியம் என்று தெரிந்திருந்தும்தான்.

போன மாதம் உடல் தானப் படிவம் ஒன்று வாங்கி வந்தேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். குடும்பத்தார் சம்மதக் கையெழுத்தும் வேண்டுமாம். ஆத்தில் இன்னும் போடவில்லை. முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.