அண்ணாச்சி கடையில் கேட்கும் மொழி
(ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் ஊர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்களால் வளர்ந்தவை. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அவர்களை நம்பி மெஸ், டீக்கடை, மளிகைக்கடை எல்லாம் பெருகின.

இன்று ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். தொழிற்பேட்டையை ஒட்டிய கடைகளில் கடுகு எண்ணெய் விற்கிறது. அண்ணாச்சி இந்தியில் விலை சொல்கிறார். அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. வாடிக்கையாளர் வேண்டும் என்பதால் அவரே கற்றுக்கொண்டார்.

அதே வாடிக்கையாளரின் பிள்ளை நம் வகுப்பில் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று நாம் சீக்கிரம் முடிவு கட்டிவிடக் கூடாது. மொழி புரியாதது வேறு, பாடம் புரியாதது வேறு.

முதலில் சேர்க்கை. கல்வி உரிமைச் சட்டம் 2009 தெளிவாகவே சொல்கிறது: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவையான சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். "டி.சி. வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அந்தக் குடும்பம் மறுபடி வராமலே போகலாம்.

அடுத்து வகுப்பறை. தொடக்க வகுப்பில் கடை விளையாட்டு நடத்துங்கள். வெங்காயத்துக்குத் தெலுங்குப் பிள்ளை 'உல்லி' என்னும். இந்தி பேசும் பிள்ளை 'பியாஜ்' என்னும். உள்ளி என்பது நம் சொல்லும்தான் என்று நம் பிள்ளைகள் வியப்பார்கள். பேசாத பிள்ளைக்கு அன்று சொல்ல ஒரு சொல் இருக்கும். வாங்கிக்கொள்ளப் பத்துத் தமிழ்ச் சொற்கள் கிடைக்கும். உயர்நிலை வகுப்பில், தெருவில் உள்ள கடைகளின் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்று விசாரித்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அதுவே புவியியல், அதுவே பொருளியல்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் காட்சிப்பொருள் ஆக்க வேண்டாம். எல்லாப் பிள்ளைகளின் வீட்டுச் சொற்களையும் கேளுங்கள். மதுரைச் சொல்லும் நெல்லைச் சொல்லும் அதில் வரட்டும். 'வடக்கன்' என்ற ஏளனம் காதில் விழுந்தால் அன்றே திருத்துங்கள்.

நம்மவர்களும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் பிழைக்கப் போனவர்கள்தாம். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் சென்னைத் துறைமுகம் அருகே கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த அத்தோ இன்று சென்னைச் சாப்பாடு. பிழைக்க வந்தவர்களுக்கு அன்று கடை போட ஓர் இடம் கிடைத்தது. இன்று வந்திருக்கும் பிள்ளைக்கு நம் வகுப்பில் ஓர் இடம் வேண்டும். அது கடைசி வரிசையாக இருக்க வேண்டாம்.