கோயிலுக்கு 50 மீட்டர், காலனிக்கு எத்தனை மீட்டர்?

(கோவையில் மதுக்கடைகளும் மக்கள் பாதுகாப்பும் குறித்த கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மதுக்கடை பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள்தான் கேட்கும். ஒன்று, 'கடையை மூடு'. மற்றொன்று, 'வருமானத்துக்கு எங்கே போவது?' 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதனால் இரண்டாவது குரல்தான் எப்போதும் ஜெயிக்கிறது. நான் கேட்க வந்தது வேறு. கடை எங்கே இருக்கவேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு வந்த விதிகளைப் படித்துப் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டிடத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் 50 மீட்டர் தள்ளிக் கடை இருக்கவேண்டும். மற்ற இடங்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி என்று அறிவித்துவிட்டால் அதுவும் கிடையாது. இந்தத் தூரக் கணக்கில் குடியிருப்பு இல்லை. கும்பிடும் இடத்துக்குத் தூரம் உண்டு, குடியிருக்கும் இடத்துக்கு இல்லை. நம் காலனியின் வேப்பமரத்தடி மாரியம்மன் அந்த 50 மீட்டர் கணக்கில் வருவாளா என்று எந்த அதிகாரியையாவது கேட்டுப் பாருங்கள்.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. நல்ல தீர்ப்பு, சாலையில் போகிறவர்களுக்கு. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. பிறகு அவை மாற்று இடம் தேடி உள்ளே வந்தன. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தது அதனால்தான். அங்கே ஒரு பெண்ணைக் காவல் துறை உயரதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே காணொளியில் பார்த்தது.

உள்ளே என்றால் எங்கே? கொங்குப் பகுதியில் ஊர் வேறு, காலனி வேறு. ஊர்ப் பெரியவர் ஒரு போன் போட்டால் ஊருக்குள் வரவிருந்த கடை நின்றுவிடும். காலனிக்காரர் போன் போட்டால் யார் எடுப்பார்? ஊர் எல்லை முடிந்து, காலனி தொடங்கும் முன்பு ஒரு தகரக் கொட்டகை. அதைத் தாண்டித்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், மில்லில் ஷிப்ட் முடிந்து நம் பெண்கள் வரவேண்டும். அங்கே கைகலப்பு நடந்தால் 'போதையில் தகராறு' என்று எழுதி, அதற்குள் இருந்த சாதியை அழித்துவிடலாம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். அந்தத் தகரக் கொட்டகையையும் சேர்த்து நீக்கியிருக்கலாம்.

2016இலிருந்து பல ஆண்டுகள் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையைக் கையில் வைத்திருந்த அமைச்சர்கள் தங்கமணி, செந்தில்பாலாஜி, முத்துசாமி. நாமக்கல், கரூர், ஈரோடு. கட்சி மாறியது, மேற்கு மண்டலம் மாறவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் செத்தார்கள். பெரும்பாலும் நம் மக்கள், கூலி வேலைக்காரர்கள். சட்டமன்றத்தில் அமளி, எதிர்க்கட்சியினர் இடைநீக்கம். மாத முடிவில் ஆயுள் தண்டனை வரை வழிசெய்யும் திருத்த மசோதா நிறைவேறியது. குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவர்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறார் என்பதற்கு அந்தத் திருத்தத்தில் என்ன பதில் இருக்கிறது? முழு மதுவிலக்கு கேட்கும் தோழர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கடையை மட்டும் பூட்டினால் கருணாபுரங்கள் பெருகும் என்ற அச்சம் எனக்கு உண்டு.

பாட்டில் கதையையும் சொல்லவேண்டும். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் கொடுக்கும் திட்டம் 2022இல் நீலகிரியில் உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்தது. உடைந்த கண்ணாடி காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. யானைக்கு வலிக்கக்கூடாதுதான். அதே கண்ணாடியைக் கோவைத் தெருக்களில் அள்ளும் அருந்ததியத் தூய்மைப் பணியாளர்களின் கையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்ட வலு கொடு என்கிறார்கள். நானும் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. நம் கிராம சபையில் நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சபைக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தால் ஊரில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, கடையைக் காலனிப் பக்கம் தள்ளுவார்கள். ஆகவே குடியிருப்புவாரியாக ஒப்புதல் வேண்டும். ஆதிதிராவிடர், அருந்ததியர் குடியிருப்புக்கு அருகே கடை வைப்பதென்றால் அந்தக் குடியிருப்பின் பெண்களைத் தனியே கூட்டிக் கேட்கவேண்டும். அவர்கள் மறுத்தால் கடை கிடையாது. இதை 2003 விதிகளில் திருத்தமாகக் கொண்டுவரலாம்.

முதல் வேலையாக, உங்கள் பகுதிக் கடையிலிருந்து காலனியின் முதல் வீட்டு வாசல் வரை டேப் வைத்து அளந்து, கடை எண்ணோடு எழுதிக்கொண்டு வாருங்கள். திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலகத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்போம்.