எட்டாம் வகுப்புக்கு அப்பால்



மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மவருள் மூத்தோர் பலர் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிகளில் பயின்றவர்கள். நகரத்துப் பள்ளிகளுக்கு வரலாறு எழுதுவோர் உண்டு. 1932-இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் வரலாற்றை நாம் பெருமையுடன் பேசுகிறோம். கிராமத்துச் சிறிய உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் பேசுவார் அரியர். அங்கே ஒரு மாணவனின் நாள் எவ்வாறு கழிந்தது என்பதை முதலில் கூறி, அதிலிருந்து இன்று நமக்கு எழும் கடமை ஒன்றையும் கூற விரும்புகிறேன்.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கு அண்மையில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கரிசல் காட்டில் உள்ளது. ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது காமராசர் ஆட்சியில் வகுக்கப்பட்ட குறிக்கோள். எங்களுக்கு வாய்த்த உயர்நிலைப் பள்ளி நான்கு மைலில் இருந்தது. 1971-இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன்.

விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் புறப்படுவோம். ஒரு கையில் புத்தகப் பை, மறு கையில் தூக்குச்சட்டி. ஐப்பசி மழையில் கரிசல் மண் காலைக் கவ்விக்கொள்ளும். செருப்பு உள்ளவர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டே நடப்பார்கள். பள்ளியின் மணி என்பது வேப்பங்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டு. முதல் மணிக்கு வரவேண்டியவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். தொலைவிலிருந்து நடந்து வருவோர் இரண்டாம் மணிக்குள் வந்தால் போதும் என்பது தலைமையாசிரியர் எழுதாமல் வைத்திருந்த சட்டம்.

நண்பகலில் வேப்பமர நிழலில் சட்டிகள் திறக்கும். கம்பஞ்சோறும் துவையலுமே பெரும்பாலும் இருக்கும். சட்டி கொண்டுவராதவர்கள் கிணற்றடிக்குப் போய்விடுவார்கள். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் திரும்பி வரும்போது யாராவது ஒருவன் தன் சட்டியில் இரண்டு கவளம் மிச்சம் வைத்திருப்பான். மாசியில் பருத்தி வெடித்துவிட்டால் வகுப்பில் பாதிப் பேரைக் காண இயலாது. பதினோராம் வகுப்பின் கடைசி இரண்டு மாதம் பள்ளியிலேயே பெட்ரோமாக்ஸ் விளக்கில் படித்துத் திண்ணையிலேயே உறங்குவோம்.

இந்த இராப்படிப்பில் பெண்கள் இல்லை. எங்கள் வகுப்பிலேயே மூன்று பெண்கள்தாம்; மூவரும் பள்ளி இருந்த ஊரையே சேர்ந்தவர்கள். என்னினும் மூத்தவளான என் தமக்கை 1968-இல் எட்டாம் வகுப்பை முதல் மாணவியாக முடித்தாள். அத்துடன் நின்றாள். காமராசர் கொண்டுவந்த மதிய உணவும் எட்டாம் வகுப்பு வரைதான். உள்ளூர்ப் பள்ளி முடிந்த இடத்திலேயே பள்ளிச் சோறும் முடிந்தது. பெண்ணைத் தனியே காட்டுவழி அனுப்ப வீட்டார் அஞ்சும் வயதும் அங்கேதான் தொடங்கியது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வாயிலை அடைத்துவிட்டன. அவள் அறிவில் குறை ஏதும் இல்லை.

பின்னாளில் அந்த அடைப்புகள் ஒவ்வொன்றாக நீங்கின. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984-இல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை நீண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மிதிவண்டி கொடுக்கும் திட்டம் வந்தது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கும், பின்னர்ப் பிறருக்கும் கிடைத்தது. தொலைவையும் பசியையும் குறைத்தால் பெண் படிப்பாள் என்பது விளங்கிற்று.

என் தமக்கை மணமாகித் தாராவிக்கு வந்தாள். அவளுடைய பேத்தி இன்று மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. அப்பெண் விடியுமுன் எழுந்து, தந்தை மிதிவண்டியில் விற்கச் செல்லும் இட்லிக்குச் சட்டினி அரைத்துக் கொடுத்த பிறகே பள்ளிக்குப் போகிறாள். பள்ளி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும், "பத்து முடித்தால் போதும். அப்புறம் எல்லாம் இங்கிலீஷ், இவளால் முடியாது" என்கிறார்கள் வீட்டில்.

என் தமக்கை என்னைக் கேட்டாள்: "தம்பி, நான் எட்டோடு நின்றேன். இவள் பத்தோடு நின்றால், இத்தனை வருஷத்தில் நாம் நடந்தது இரண்டு வகுப்புத்தானா?"

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அன்று நான்கு மைல் தடுத்தது; இன்று ஒரு மொழி தடுக்கிறது. அந்தத் தடையை நானும் அறிவேன். பாளையங்கோட்டையில் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது விரிவுரை என் செவியில் வெறும் ஓசையாகவே விழுந்தது. என்னைக் காப்பாற்றியவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரரான ஒரு மூத்த மாணவர். அவர் எனக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. முக்கோணம் எனக்குத் தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று சொன்னார். ஈர்ப்பு விசை தெரியும். அதன் மறுபெயரைச் சொன்னார். மாலைதோறும் ஒரு மணி நேரம், மூன்று மாதம். அவ்வளவில் காது திறந்துகொண்டது.

நேயர்களே, கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்து, இந்நகரின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் உங்களுள் எத்தனை பேர்! பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள விடுமுறை மாதங்களில், தாராவியில் ஒரு மாணவிக்காயினும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாதா? செம்பூரிலிருந்து தாராவிக்கு வருவது, மழைநாளில் கரிசலில் நான்கு மைல் நடந்ததைவிடக் கடினமன்று.

நான் சென்ற வாரம் என் தமக்கையின் பேத்தியுடன் உட்கார்ந்தேன். முதல் நாளில் நாற்பது சொற்கள். அவற்றின் பொருள் அனைத்தும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.