இதயத்துக்குக் கதவு செய்தவர்



ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பாராட்டிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். தமிழர் ஒருவரை அவர் எதிர்பார்த்திருக்கலாம். நானோ, நாம் குடியேறி வாழும் இம்மலையாள மண்ணில், மாவேலிக்கரையில் 1934இல் பிறந்து 2024 ஜூலையில் மறைந்த டாக்டர் எம். எஸ். வலியத்தான் அவர்களைத் தேர்ந்தேன். காரணம் உண்டு.

பனிக்காலத்தில் நம் ஏலக்காட்டு லயங்களில் குழந்தைகளுக்குத் தொண்டை நோவு வருகிறது. சுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். அந்நோவு ஒருவகைக் கிருமியால் வந்ததாயின், கவனியாது விட்ட சில குழந்தைகளுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் காணும். அது இதயத்தின் வால்வையும் கெடுத்துவிடும். உரிய காலத்தில் பென்சிலின் கொடுத்தால் தடுத்துவிடலாம் என்பதை இங்குள்ள தாய்மார்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

வால்வு என்பது குருதியை முன்னே விட்டு, பின்னே திரும்பாமல் தடுக்கும் கதவு. நிமிடத்துக்கு 70 துடிப்பு எனக் கொண்டால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 68 லட்சம் முறை திறந்து மூடவேண்டும். என் வீட்டுக் கதவின் கீல் மூன்று மழைக்காலம் தாங்கவில்லை!

கெட்ட வால்வுக்குப் பதில் செயற்கை வால்வு பொருத்தலாம். ஆனால் அயல்நாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாதது. அறுவை மருத்துவரான வலியத்தான் 1974இல் திருவனந்தபுரம் வந்து, ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தை உருவாக்கும் பொறுப்பேற்றார். மருத்துவமனையோடு பொறியியல் ஆய்வையும் இணைத்து, வால்வை இங்கேயே செய்யத் துணிந்தார். பூஜப்புரையில், முன்பு அரண்மனையாக இருந்த கட்டடத்தில் ஆய்வுக்கூடம் அமைந்தது. பொறியாளர் ஜி. எஸ். புவனேஷ்வர் முதலானோர் உடன் உழைத்தனர்.

முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. ஒன்றில் உலோகம் தேய்ந்தது. மற்றொன்றில், செயற்கை நீலக்கல்லால் ஆன தட்டு, பொருத்தப்பட்ட ஆட்டின் உடலுக்குள்ளேயே உடைந்தது. எத்தனை ஆண்டு உழைப்பு! அவரைப் போற்றுவதற்கு, 2005இல் பெற்ற பத்மவிபூஷண் விருதைவிட அந்த நாளே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆட்டில் உடைந்தது மனிதனில் உடையவில்லை. சோதனையை அவசரப்படுத்தாத பொறுமை அவருக்கு இருந்தது. விலையுயர்ந்த கல்லை விட்டு, தேயாத ஒருவகைப் பிளாஸ்டிக்கால் தட்டு செய்தார்கள். அந்த நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் தயாரித்த அவ்வால்வு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருந்தியிருக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். இவ்வால்வு பொருத்திக்கொண்டவர்கள், குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ணவேண்டும். அவ்வப்போது இரத்தமும் சோதிக்கவேண்டும். சாந்தன்பாறையிலிருந்து அதற்காக மலையிறங்குவோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அந்நாளின் கூலியைச் சங்க நிதியிலிருந்து ஈடுசெய்யலாமா என்று இவ்வாண்டுப் பொதுக்குழு ஆராயவேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.