அந்த டிசைன் யாரோடது?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வியை நிறைய பேர் கேட்டிருந்தீங்க. "கிரியேட்டர் மீட்டுக்கெல்லாம் போறதுல பிரயோஜனம் இருக்கா, இல்ல செல்ஃபி எடுத்துட்டு வர்றதோட சரியா?" நான் முதல்முதலா போன சந்திப்பைப் பத்திச் சொல்றேன். பதிலை அதுலருந்து நீங்களே எடுத்துக்கோங்க.

2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையில வலைப்பதிவர் சந்திப்பு. ரீல்ஸ் வர்றதுக்கு முன்னாடி தமிழ்ல வலைப்பூன்னு ஒரு பெரிய உலகம் இருந்தது. கதை, கவிதை, சமையல், பயணம்னு எழுதுறவங்க வருஷம் ஒரு தடவை நேர்ல கூடுவாங்க. 2012லயும் 2013லயும் சென்னை, 2014ல மதுரை, அடுத்தது புதுக்கோட்டை. அந்த வருஷம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட சேர்ந்து போட்டிகளும் வெச்சிருந்தாங்க.

எனக்கு ஊர் கண்ணமங்கலம். வேலூர்லருந்து திருவண்ணாமலை போற வழியில, ஆரணிக்குப் பக்கம். வீட்டுல பட்டுத்தறி. நான் அப்போ காலேஜ் ரெண்டாவது வருஷம், தறியைப் பத்தி ஒரு வலைப்பூ எழுதிட்டிருந்தேன். திருவண்ணாமலை, திருச்சின்னு பஸ் மாறி மாறி விடிகாலையில போய் இறங்கினேன்.

முதல் ஒரு மணி நேரம் வீணாப் போச்சு. என் பேரைச் சொல்லி அறிமுகம் பண்ணிக்கிட்டா யாருக்கும் தெரியல. வலைப்பூ பேரைச் சொன்னதும், "அட, அந்தத் தறிப் பொண்ணா நீ!"ன்னு பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டாங்க. அதனால எங்க போனாலும் உங்க சேனல் பேரை ஒரு அட்டையில பெருசா எழுதி சட்டையில குத்திக்கோங்க. வெட்கப்படாதீங்க. தெரிஞ்சவங்க பக்கத்துல மட்டும் உட்காராதீங்க. மேடையில பேசினதுல பாதி எனக்கு இப்போ ஞாபகம் இல்ல. சாப்பாட்டுப் பந்தியில பேசினது அப்படியே இருக்கு.

பந்தியில பேச்சு பூரா திருட்டைப் பத்தித்தான். "என் பதிவை அப்படியே காப்பி பண்ணி பேஸ்புக்ல போட்டுட்டான்"னு ஆளாளுக்குப் புலம்பல். அதுல நான்தான் சத்தமாப் புலம்பினேன். எதிர்ல இருந்த ஒரு அக்கா, படம் எடுக்கறவங்க, அமைதியாக் கேட்டாங்க: "போன வாரம் ஒரு முந்தி போட்டோ போட்டியே, அந்த டிசைன் யாரோடது?"

"எங்க அப்பா நெய்ததுக்கா."

"நெய்தது அப்பா. டிசைன்?"

சோறு இறங்கல. எங்க ஊர்ப் பக்கம் பல வீடுகள்ல நடக்கறது இதுதான்: பாவும் ஊடையும் முதலாளி தருவார். டிசைன் வரைஞ்சு, அட்டை அடிச்சு, ஜக்கார்டு பெட்டியில ஏத்தற செலவும் அவரோடது. நமக்குச் சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. நான் போட்ட சேலை இன்னும் தறியிலயே இருந்தது, கடைக்கே போகல. ஒரு தெளிவான போட்டோ போதும், அதே முந்தியை வேற எங்கயோ விசைத்தறியில ஓட்டிடலாம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பின்னாடி தேடிப் படிச்சேன். நீங்க எழுதினதுக்கும், நீங்களா எடுத்த படத்துக்கும் பதிவு பண்ணாமலேயே காப்புரிமை உண்டு, 1957 சட்டப்படி. துணி டிசைன் அப்படி இல்ல. 2000ஆம் வருஷ டிசைன் சட்டத்துல அதைப் பதிவு பண்ணணும். முக்கியமா, விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி அது வெளியில வந்துட்டா, புதுசுங்கிற தகுதியே போயிடும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கேன்னு கேப்பீங்க. அது காப்பாத்தறது பேரை, ஒரு குறிப்பிட்ட முந்தியை இல்ல. ஆக, யாரோ என் பதிவைத் திருடினதை விடப் பெரிய சேதத்தை நான் ஒரு போட்டோவுல பண்ணியிருக்கலாம்.

திரும்பி வர்ற பஸ்லயே படத்தை எடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அவர் திட்டல. நாடாவைக் கீழ வெச்சுட்டு, "வா, போய் சொல்லிட்டு வந்துடலாம்"னார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. முதலாளி வீட்டுத் திண்ணையில நான்தான் பேசினேன். அவர் போனை வாங்கி, எடுத்துட்டேனான்னு பார்த்துட்டு, "சரிம்மா"ன்னார், அவ்வளவுதான்.

அந்தச் சேலையை அறுத்துக் கொடுத்த பிறகு அடுத்த பாவு வர பதினெட்டு நாள் ஆச்சு. வழக்கமா ரெண்டு மூணு நாள்ல வந்துடும். எதனாலன்னு அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல. அந்தப் பதினெட்டு நாளும் தறிக்குழியில அப்பா சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துட்டிருந்தேன்.

இப்பவும் தறியை வீடியோ எடுக்கறேன். கை, நாடா, இழை முடியறது, சாயம் எல்லாம் எடுப்பேன். முந்தி மட்டும் சேலை கடைக்குப் போனப்புறம், கேட்டுட்டுத்தான். முதலாளிக்கு வாட்ஸ்அப்ல படத்தை அனுப்பி, "போடலாமாண்ணா?"ன்னு கேப்பேன். சில சமயம் ரெண்டு நாள் கழிச்சு ஒரு கட்டைவிரல் வரும். சில சமயம் நீல டிக் மட்டும் வரும். அப்போ போடறதில்ல.