சின்னக் கேமராவா, எஸ்.எல்.ஆரா?

(சூலக்கரையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கத்துக்கு ஒரு கேமரா வாங்கணும், எது நல்லதுன்னு செயலாளர் கேட்டார். சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் முப்பது வருஷம் படங்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் என்னைப் பிடித்துவிட்டார்.

முதலில் சொந்தக் கதை. 2004 பங்குனிப் பொங்கல். விருதுநகர் மாரியம்மனுக்கு எங்கம்மா அக்கினிச் சட்டி எடுத்தார்கள். அதுதான் கடைசித் தடவை என்று அப்போது தெரியாது. என் சட்டைப் பையில் புத்தம் புது டிஜிட்டல் கேமரா, 2 மெகாபிக்சல். அம்மா கிட்டே வந்ததும் பட்டனை அமுக்கினேன். அது ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் அம்மா தாண்டிப் போயாச்சு. படத்தில் விழுந்தது யாரோ ஒருத்தர் முதுகு.

பட்டனை முன்னாடியே பாதி அமுக்கி வைத்திருந்தால் தாமதம் குறைந்திருக்கும். எனக்குத் தெரியலை. எஸ்.எல்.ஆரில் ஃபோகஸுக்குத் தனி உணரி உண்டு, சட்டென்று பிடிக்கும். லென்ஸ் பார்ப்பதையே கண்ணாடி வழியாக நாமும் பார்க்கலாம். இருட்டிலும் வித்தியாசம் தெரியும். அன்றைய சின்னக் கேமராக்கள் பலவற்றில் சென்சார் 5, 6 மி.மீ. அகலம்தான். 2003இல் வந்த கேனன் இ.ஓ.எஸ். 300டி-யில் 22.7 மி.மீ. பரப்பாகக் கணக்குப் போட்டால் பத்து மடங்குக்கும் மேல். பரப்பு கூடினால் ராத்திரிப் படத்தில் மணல் தூவினது மாதிரி வருவது குறையும்.

அதற்காகச் சின்னக் கேமராவைத் திட்ட மாட்டேன். ஆத்திரத்தில் அந்த வருஷமே கடன் வாங்கி எஸ்.எல்.ஆர். வாங்கினேன். கனம், தூசி பயம், பீரோவிலேயே தூங்கியது. அம்மா திண்ணையில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே சிரிக்கிற படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை எடுத்தது அதே பழைய 2 மெகாபிக்சல். அம்மா போன பிறகு பெரிசாக மாட்ட நினைத்தேன். படம் 1600க்கு 1200 புள்ளி. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். ஐந்தேகால் அங்குலத்துக்கு நாலு, அவ்வளவுதான். மேலே இழுத்தால் முகம் கட்டம் கட்டமாகும். அந்த அளவிலேயே மாட்டியிருக்கிறேன்.

சங்கத்துக்கு வேண்டியது குரூப் போட்டோ. 12க்கு 18 அங்குலம் என்றால் ஏறக்குறைய 2 கோடி புள்ளி. மேடையில் வெளிச்சமும் மட்டம். ஆகவே எஸ்.எல்.ஆர். 2018இலிருந்து நிக்கானும் கேனனும் கண்ணாடியில்லாக் கேமரா பக்கம் திரும்பியதால் எஸ்.எல்.ஆர். செகண்ட் ஹேண்டில் நிறைய வருகிறது. 24 மெகாபிக்சல் போதும். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். மிச்சத்துக்கு எல்லார் பையிலும் செல்போன் இருக்கிறது.

ஒரே நிபந்தனை: கேமராவைச் சங்கப் பீரோவில் பூட்டக் கூடாது. நம்மில் இளையவர் ஒருத்தர் வீட்டில் இருக்கட்டும், வாராவாரம் எடுத்துப் பழகட்டும்.

இப்போ வெயில் சாயுது. சார்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள், நாம் பின்னால் நிற்போம்.